தை மாதக் கச்சானும் கம்பனியின் கொள்வனவுக் கட்டளையும்

வன்னியிலிருந்து கொழும்புக்குப் போன கச்சான் (நிலக்கடலை) லொறி, 'ஈரப்பதன் கூட, பூஞ்சணம் இருக்கு' என்று தொழிற்சாலை வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால், விநியோகத்தரின் தரம் போதாது என்று கம்பனி பதிந்துகொள்ளும். அடுத்த மாதம் கமக்காரரைக் கூட்டி ஒரு நாள் பயிற்சி வைப்பார்கள். அடுத்த தையிலும் லொறி அதே வாசலில் நிற்கும்.

பயிற்சி வைப்பது பிழையல்ல. ஆனால் ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ கச்சான் செய்கிற ஒருவருக்குக் காயைக் காயவைக்கத் தெரியாது என்று நினைப்பது பிழை. தெரிந்தும் ஈரத்தோடு விற்கிறார் என்றால், அப்படி விற்பதுதான் அவருக்குக் கட்டுபடியாகிறது. அதைக் கட்டுபடியாக்குவது வாங்குகிறவரின் நிபந்தனைகள். ஆனபடியால் விநியோகத்தரை மேம்படுத்த விரும்புகிற கம்பனி முதலில் கையில் எடுக்க வேண்டியது தன்னுடைய கொள்வனவுக் கட்டளையை.

அதில் மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது, ஒப்படைக்கும் திகதி. வடகீழ்ப் பருவ மழை மார்கழியோடு முடிந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, தையிலும் பெய்யும். 'ஜனவரி 25க்குள் 10 தொன்' என்று திகதியை இறுக்கிவிட்டால், மழை விட்டு நாலு நாள் வெயில் பிடிக்கக் காத்திருக்க வேண்டியவர் காத்திருக்க மாட்டார். இரண்டாவது, நிறைக்கு மட்டும் விலை. கிலோ கணக்கில் ஒரே விலை கொடுத்தால் தண்ணீருக்கும் அதே விலை. மூன்றாவது, பணம் கொடுக்கும் காலம். கம்பனி 45 நாளில் கொடுக்கும். ஊர் வியாபாரி கையோடு கொடுப்பார். நுண்கடன் தவணை கிழமைக்குக் கிழமை வருகிற வீட்டில் 45 நாளைக்கு யாரால் பொறுத்திருக்க முடியும்? நல்ல காய் வியாபாரிக்குப் போகும், மிச்சம் கம்பனிக்கு வரும். சில இடங்களில் காய் மண்ணுக்குள் இருக்கும்போதே காணியோடு பேசி விற்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எப்போது பிடுங்குவது என்பது கமக்காரரின் கையில் இல்லை.

இந்த மூன்று வரியையும் மாற்றாமல் நடத்துகிற எந்தப் பயிற்சியும் பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

சங்கிலியை நடந்து பார்ப்பது

கம்பனியின் பட்டியலில் 'விநியோகத்தர்' என்று இருப்பவர் பெரும்பாலும் கொழும்பிலோ வவுனியாவிலோ களஞ்சியம் வைத்திருக்கும் ஒருவர். அவருக்குப் பின்னால் ஊர்ச் சேகரிப்பாளர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆளுக்கு இருபது முப்பது கமக்காரர்கள். பழுது நடப்பது கடைசிப் படியில். கம்பனி கடிதம் எழுதுவது முதற்படிக்கு. அதனால் ஒரே ஒரு லொறிச் சரக்கை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடவுங்கள். ஒவ்வொரு மூட்டையும் எந்த வீட்டிலிருந்து வந்தது, அங்கே எத்தனை நாள் கிடந்தது, எந்தப் பையில் இருந்தது, வழியில் எங்கே கொட்டிக் கலந்தார்கள் என்று பாருங்கள். கலக்கும் இடம்தான் முக்கியம். நன்றாகக் காய்ந்த 9 மூட்டையோடு ஈரமான ஒரு மூட்டையைக் கொட்டிக் கலந்தால் பிறகு எதையும் தேடிப் பிடிக்க முடியாது. மூட்டையின் வாயில் கமக்காரரின் இலக்கமும் ஊரும் பிடுங்கிய திகதியும் எழுதிய துணித் துண்டு ஒன்றைக் கட்டுவதற்குச் சில ரூபாதான் செலவாகும். கணினி மென்பொருளுக்கு முன்னர் இது வரவேண்டும்.

கமக்காரர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: காணி சொந்தமா, அனுமதிப்பத்திரமா, குத்தகையா, விதை எங்கே எடுத்தது, மானாவாரியா கிணற்று நீரா, காயவைக்கும் இடம், யாரிடம் முற்பணம் வாங்கியிருக்கிறார். காணிப் பத்திரம் இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்காதீர்கள். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே அனேகம். கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் விசாரித்தால் யார் எந்தக் காணியைச் செய்கிறார் என்று தெரியும். வன்னிக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு: கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலமா? கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, ஆனால் வடக்கில் அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 'இந்தமுறை இரண்டு மடங்கு வாங்குவோம்' என்று கம்பனி சொன்னால், காட்டோரமும் வெளியாக்கப்படாத துண்டும் உழப்படும். அளவைக் கூட்டுவதற்கு முன்னர் கூடுதல் காய் எந்த நிலத்திலிருந்து வரப்போகிறது என்று கேட்பது கம்பனியின் கடமை.

பிடுங்கிய பிறகான பத்து நாள்

கச்சானில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணமும் அதன் இனத்தவையும். இவை மண்ணிலேயே இருப்பவை. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை இல்லாமல் நிலம் வெந்தால் மண்ணுக்குள்ளேயே பிடித்துவிடும். பிடுங்கிய பிறகு ஈரத்தோடு கிடந்தால் வேகமாகப் பரவும். முதலாவதை முழுக்கத் தடுக்க முடியாது. கிணறு உள்ளவர் காய் முற்றும் காலத்தில் ஒன்றிரண்டு தண்ணீர் கொடுக்கலாம். இரண்டாவது முற்றாக எங்கள் கையில் இருக்கிறது.

நாளை எண்ணிப் பிடுங்கினால் மட்டும் போதாது. குறுகிய வயது இனங்கள் 90 முதல் 110 நாளில் முற்றும் என்றாலும் மழையைப் பொறுத்து மாறும். காணியின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடி பிடுங்கி, காயை உடைத்துக் கோதின் உட்புறத்தைப் பாருங்கள். பத்துக் காயில் ஏழு காயின் உட்புறம் கபில நிறமாகக் கறுத்திருந்தால் பிடுங்கலாம். முந்திப் பிடுங்கினால் பருப்புச் சுருங்கும். பிந்தினால் காம்பு இற்று, காய் மண்ணில் தங்கும். திஸ்ஸ போன்ற இனங்களில் ஈரம் பட்டால் மண்ணிலேயே முளையும் விடும்.

பிடுங்கிய செடியின் மண்ணை உதறி, காய் மேலே தெரியும்படி கவிழ்த்து வரிசையாக இரண்டு மூன்று நாள் விடவேண்டும். குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறி ஒரே இரவில் பூஞ்சணம் தொடங்கும். மழை வரும்போல இருந்தால் காயை உடனே ஆய்ந்து கூரைக்குள் கொண்டுபோகலாம், ஆனால் அங்கேயும் பரப்பித்தான் வைக்கவேண்டும்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஏக்கருக்கு 700 கிலோ காய்ந்த காய் வருகிறது, அதன் ஈரப்பதன் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கும்போது 40 சதவீதம் இருந்தால் அன்றைய நிறை ஏறக்குறைய 1,060 கிலோ. அதாவது ஒரு ஏக்கரிலிருந்து 360 லீற்றர் தண்ணீரை வெயிலும் காற்றும் வெளியே எடுக்கவேண்டும். காயை 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்பினால் ஏறக்குறைய 60 சதுர மீற்றர் இடம் வேண்டும். 12க்கு 18 அடிப் படங்கு (தார்ப்பாய்) மூன்று. பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் நெல்லுக்குப் போயிருக்கும். ஒரு படங்கில் மூன்று படங்குக் காயைக் கொட்டினால் மேலே காய்ந்து கீழே வியர்க்கும். இந்தப் பழுதுக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, இரண்டு படங்குக் குறைவு. ஏக்கருக்கு மூன்று படங்கைக் கம்பனி வாங்கிக் கொடுத்து, விலையை இரண்டு போகத்தில் கழித்துக்கொள்வது திருப்பி அனுப்பப்பட்ட ஒரு லொறியின் நட்டத்தோடு பார்க்கச் சிறிய தொகை.

ஒரு நாளைக்கு நாலு தரமாவது கிளறவேண்டும். பின்னேரம் 4 மணிக்குள் கூட்டி மூடவேண்டும், ஏனென்றால் தை மாதப் பனி பகலில் போன ஈரத்தை இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். நல்ல வெயிலில் ஐந்து முதல் ஏழு நாள் எடுக்கும்.

தார் வீதியில் காயவைப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நெல்லைப் போடுகிற பழக்கத்தில் கச்சானையும் போடுகிறார்கள். தாரின் சூட்டில் காய் அளவுக்கு மிஞ்சி வேகமாகக் காயும், தோல் கழரும், பருப்புப் பிளக்கும், சுவையும் கெடும். டயர் ஏறி உடைந்த காய்க்குள் பூஞ்சணம் வழி கண்டுகொள்ளும். படங்கை நிலத்தில் விரிப்பதைவிட, மரக்கால் நட்டு முழங்கால் உயரத்தில் வலை கட்டிய பரணில் பரப்புவது சிறந்தது. கீழாலும் காற்றுப் போகும், கோழியும் ஆடும் அணுகாது.

உடைத்த பருப்பாக வாங்குகிற கம்பனிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கையால் உடைப்பவர்கள் பருப்புப் பிளக்காமல் இருக்கவும் விரல் நோகாமல் இருக்கவும் காய்ந்த காயில் தண்ணீர் தெளிப்பார்கள். ஏழு நாள் உழைப்பு அந்த ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். 'தெளிக்காதீர்கள்' என்று சொல்லி இதைத் தடுக்க முடியாது. ஒன்றில் கோதோடு வாங்குங்கள், அல்லது ஊருக்கு ஒரு கைச்சுற்று உடைப்பானைக் கொடுத்து, அந்த ஊர் இனத்தின் காய்ப் பருமனுக்கு ஏற்ற சல்லடையைப் போட்டுக் கொடுங்கள். லங்கா ஜம்போவுக்குப் போட்ட சல்லடையில் சிறிய காய் உடையாமலே விழும்.

பையும் அப்படித்தான். உரப்பையில் உட்பக்கப் பொலித்தீன் இருந்தால் மூச்சு விடாது. உரத்தின் மிச்சமும் இருக்கும். சணல் சாக்கு கொடுங்கள். களஞ்சியத்தில் தரையிலிருந்து அரை அடியாவது உயரமான மரத்தட்டில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.

அளப்பதும் கழிப்பதும்

ஊர்க் கொள்வனவில் வழக்கமான ஒரு பழக்கம்: ஈரத்துக்கென்று மூட்டைக்கு 2 கிலோ கழிப்பது. 50 கிலோ மூட்டையை எடுங்கள். 9 சதவீதத்தை அடிப்படையாக வைத்தால், செலுத்தவேண்டிய நிறை என்பது நிறுத்த நிறையை (100 − அளந்த ஈரப்பதன்) ஆல் பெருக்கி 91 ஆல் வகுப்பது. 14 சதவீத ஈரத்தோடு வந்தவரின் 50 கிலோ உண்மையில் 47.25 கிலோ, அவருக்கு 48 கிலோவுக்குக் காசு கிடைக்கிறது. 8 சதவீதத்துக்குக் காயவைத்தவரின் 50 கிலோ உண்மையில் 50.55 கிலோ; அவருக்கும் 48 கிலோவுக்குத்தான். ஈரமாகக் கொண்டுவந்தவருக்கு முக்கால் கிலோ இலாபம், காயவைத்தவருக்கு இரண்டரைக் கிலோ நட்டம். அடுத்த போகத்தில் யார் மினக்கெட்டுக் காயவைப்பார்?

இந்தக் கணக்கை ஒரு மட்டையில் எழுதி, 7 முதல் 12 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் 50 கிலோ எவ்வளவாகும் என்று அட்டவணை போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 7 என்றால் 51.1 கிலோ, 12 என்றால் 48.35 கிலோ. 12க்கு மேல் லொறியில் ஏற்றக்கூடாது. திரும்பப் படங்கில் போட இடம் கொடுக்கவேண்டும். 7க்குக் கீழே மேலதிகம் கொடுக்கத் தேவையில்லை, பருப்பு நொறுங்கும்.

ஈரப்பதன்மானி கச்சானுக்கென்று அளவு திருத்தியதாக இருக்கவேண்டும். நெல்லுக்கு வைத்த மானியில் கச்சானைப் போட்டால் வருகிற இலக்கத்துக்கு அர்த்தமில்லை. மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுங்கள். மானி இல்லாத இடத்தில் காயைக் காதருகே குலுக்கினால் பருப்புச் சலசலக்கவேண்டும், விரலால் தேய்த்தால் தோல் கழரவேண்டும். இது தோராயம்தான், காசு கணக்கிட இதைப் பாவிக்கக்கூடாது. தராசு முத்திரையிட்டதாக இருக்கட்டும். சாக்கின் நிறையை உண்மையாகக் கழியுங்கள்: சணல் சாக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், பொலித்தீன் நெசவுப் பை நூறு கிராமளவுதான். இரண்டுக்கும் ஒரு கிலோ கழிப்பது களவு. அந்தருக்கும் 50 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பேசித் தெளிவாக்குங்கள். பழைய அந்தர் 50.8 கிலோ.

அஃப்ளாடொக்சின் பரிசோதனையில் மாதிரி எடுப்பதுதான் பிழைக்கும் இடம். நஞ்சு மூட்டை முழுதும் சமமாக இருக்காது. சில பருப்புகளில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். ஒரு கைப்பிடியை எடுத்து அனுப்பினால் சுத்தமான சரக்குத் தோற்கும், அல்லது கெட்டது தேறும். 100 மூட்டைச் சரக்கில் ஒவ்வொரு மூட்டையிலும் 200 கிராம் எடுத்து, வருகிற 20 கிலோவையும் முழுக்க அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் ஆய்வுகூட மாதிரியைப் பிரிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கச்சானுக்கு எல்லை கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம், அதில் நஞ்சு மிகக் கூடிய பி1 வகை 2. தரம்பிரித்துப் பதப்படுத்தப் போகிற கச்சானுக்கு மொத்தம் 15. எந்த எல்லைக்கு வாங்குகிறோம் என்று கமக்காரருக்கு விதைக்கும் முன்னரே சொல்லவேண்டும்.

காசு, விதை, ஆட்கள்

சேகரிக்கும் இடத்தில் 70 சதவீதம், ஆய்வு முடிவு வந்து பத்து நாளுக்குள் மீதி 30. இது ஊர் வியாபாரியோடு போட்டி போடக்கூடிய ஒழுங்கு. யார் காணியைச் செய்கிறாரோ அவரின் கணக்குக்குப் போடுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. பதிவில் சகோதரனின் பெயர், உழைப்பு அக்காவுடையது என்றால் அதைத் திருத்துங்கள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை விருப்பப்படி விற்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால், முறிகண்டியில் வறுத்து விற்பவர்களுக்கும் வீட்டுக்கும் விதைக்கும் அது போகும். மிச்சத்தை மறைத்து விற்கத் தேவை வராது.

விதைக்கு முற்பணம் கொடுப்பதைவிட விதையைக் கொடுப்பது நல்லது, ஆனால் முளைதிறன் பார்த்த பிறகு. நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பத்து நாளில் 80க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம். விதைக் கச்சானைக் கோதோடு வைத்து, விதைக்கும் கிழமையில்தான் உடைக்கவேண்டும்.

காய் ஆய்வது கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் வேலை. அப்படிப் பேசினால் வீட்டில் எத்தனை கை உண்டோ அத்தனையும் வரும், பள்ளிக்கூடம் போகவேண்டிய கையும் சேர்த்து. சட்டப்படி வேலைக்கான குறைந்த வயது 2021இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 'சிறுவர் வேலை இல்லை' என்று கையெழுத்து வாங்குவதால் இது மாறாது. நாட்கூலியாக மாற்றி, அதற்கான வித்தியாசத்தைக் கம்பனி விலையில் ஏற்றினால் மாறும். விநியோகத்தரிடம் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று பெரிய கம்பனிகள் பார்க்கவேண்டும் என்கிற ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு இப்படியான படிவங்கள் கூடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் முப்பது பக்கம் அனுப்பாமல், தமிழில் இரண்டு பக்கமாக்கிக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

இரசாயனம் பாவிக்காத சேதனக் கச்சான் வேண்டும் என்று கேட்கிற கம்பனிகள் 2021ஐ மறக்கக்கூடாது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடையில் என்ன நடந்தது என்பதை இங்குள்ள ஒவ்வொரு வயலும் சொல்லும். ஐரோப்பிய விதிப்படி ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன்னர் இரண்டு ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அந்த இரண்டு ஆண்டிலும் விளைச்சல் குறையலாம், சேதன விலையும் கிடைக்காது. அந்தக் காலத்துக்கு மேலதிக விலை கொடுக்க ஆயத்தமில்லாத கம்பனி சேதனத்தைக் கேட்கவே கூடாது. அதைவிடச் செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு: கச்சான் கொடியை எரிக்காமல் மாட்டுக்கும் மண்ணுக்கும் கொடுப்பது, கோதைக் கோழிக்கூட்டில் பரப்பிப் பிறகு எருவாக்குவது, ஒரே துண்டில் போகத்துக்குப் போகம் கச்சான் போடாமல் சோளமோ குரக்கனோ மாற்றிப் போடுவது.

ஒரு ஊரில் இருபது கமக்காரரோடு ஒரு போகம் தொடங்கினால் போதும். ஆவணியில் ஆட்களைத் தெரிவு செய்து, புரட்டாதியில் விதையும் விலை ஒழுங்கும் முடித்து, மார்கழி நடுவில் படங்கும் சாக்கும் ஊருக்கு வந்துவிட வேண்டும். தை பிறந்த பிறகு வாங்குகிற படங்கு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். போகம் முடிய இரண்டு இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: அவர்கள் தந்த காயின் சராசரி ஈரப்பதன், கம்பனி பணம் கொடுக்க எடுத்த சராசரி நாட்கள்.

கடைசியாக, ஒப்பந்தங்களில் நான் அனேகமாகக் காணாத ஒரு வரி. அஃப்ளாடொக்சினால் தோற்ற சரக்கு எங்கே போகும்? திருப்பி அனுப்பினால் அது வவுனியாவில் இறங்கி, அரை விலைக்கு விற்கப்பட்டு, வறுத்த பொட்டலமாகப் பிள்ளைகளின் கைக்கு வரும். வறுப்பதால் இந்த நஞ்சு முழுதாக அழியாது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. செக்கில் ஆட்டினால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் போகும், பிண்ணாக்கில் நிறையத் தங்கும், அதைத் தின்கிற பசுவின் பாலிலும் வரும். ஆகவே அந்த வரி இப்படி இருக்கவேண்டும்: தோற்ற சரக்கு ஊருக்குத் திரும்பாது; பூஞ்சணம் பிடித்ததையும் சுருங்கியதையும் கையால் பொறுக்கி அகற்றி ஒரு தரம் மறுபரிசோதனை செய்யப்படும்; அதிலும் தோற்றால் கம்பனியின் மேற்பார்வையில் அழிக்கப்படும்; கமக்காரருக்குக் கொடுத்த 70 சதவீதம் திருப்பிக் கேட்கப்படாது.